நனையாத தார்ப்பாய்

மறுநாள் கூடாரமில்லாமல் காட்டில் தங்கப்போகும் பிள்ளைகளுக்கு, பள்ளி அரங்கில் கடைசிப் பயிற்சி. தார்ப்பாயைக் கயிற்றால் கட்டி அடியில் படுக்க வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் மேலே தண்ணீர் ஊற்றுவார். அத்தனை பேரும் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார்கள். மிச்சம் அவருடைய மகள்தான். காலையில்தான் முன்பல் விழுந்திருந்தது. 'தொடைநடுங்கி' என்று பட்டப்பெயர் வேறு.

"பயமா இருந்தா விட்டுடு கண்ணு."

"நீங்க ஊத்துங்கப்பா," என்று அந்த ஓட்டைப் பல்லோடு சிரித்துவிட்டு உள்ளே தவழ்ந்தாள்.

வாளி வாளியாக ஊற்றினார். கயிறு கிண்ணென்று நின்றது. ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. வெளியே வந்தவளைத் தோழிகள் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளைக்குக் காட்டுலயும் இப்படியே கட்டிடுவியா?"

"அங்க இருந்த அத்தனை நாளும் இப்படித்தாம்பா கட்டினேன். எந்த மழையிலயும் நாங்க நனையவே இல்ல."

வாய்நிறையச் சிரித்தாள். காலையில் விழுந்த முன்பல் முழுசாக முளைத்திருந்தது.