வௌவாலுக்கு வெள்ளைப் பூ

"ஏனுங்ணா, பன்னெண்டு வருஷம் நீங்க பாத்துப் பாத்து எழுதுனத, ஒரு பூ வந்து முடிவு பண்ணோணுங்களா?"

லோகப்பிரியாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். கோவையில் விலங்கியல் படிக்கிறவள். யாரிடமாவது மல்லுக்கு நிற்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

மருதாசலம் சட்டையில் விழுந்த எச்சத்தைத் துடைத்துக்கொண்டார். அன்னூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். சாயங்காலமானால் கடையைப் பூட்டிவிட்டு, குடையும் கையுமாய் இந்த மாரியம்மன் கோயில் புளியமரத்தடிக்கு வந்துவிடுவார், பழந்தின்னி வௌவால்களைப் பார்த்து நோட்டில் எழுதிவைக்க. ஊரில் அவருக்கு 'வௌவாலூட்டு மாப்பிள்ளை' என்று பெயர்.

"ஒத்துக்கிட்டு வந்துட்டனுங்க அம்மணி. ஆத்தா பாத்துக்குவா."

எச்சம், நாற்றம், போதாததற்கு நோய் பயம். மரத்தை வெட்டியே தீரவேண்டும் என்று ஊர் ஒற்றைக்காலில் நின்றது. எல்லோருக்கும் முன்னால் நின்று கத்தியவர் தர்மகர்த்தா தம்பிதுரை. குட்டிகள் இன்னும் பறக்கப் பழகவில்லை, மரம் சாய்ந்தால் அத்தனையும் விழுந்து சாகும் என்று மருதாசலம் கெஞ்சியபோது மட்டும், தம்பிதுரை கத்துவதை நிறுத்திவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

கடைசியில் அம்மனிடமே பூக்கேட்பது என்று ஆயிற்று. வெள்ளை வந்தால் மரம் இருக்கும். சிவப்பு வந்தால் உடனே ரம்பம். ரம்பக்காரர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பூ மடிப்பது தர்மகர்த்தாவின் வேலை. வேறு கை படக்கூடாது. தம்பிதுரை கருவறைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று என்று உரக்கச் சொல்லியபடி வெற்றிலையில் மடித்து நூல் சுற்றினார். தட்டை வெளியே கொண்டுவந்து மரத்தடியில் வைத்து நிமிர்ந்தார்.

சொத்தென்று ஒரு வௌவால் அவருடைய மொட்டைத் தலைக்கு அபிஷேகம் செய்தது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊரே அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போனது.

லோகப்பிரியா, மூடநம்பிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டுப் பட்டிமன்றத்தில் கோப்பை வாங்கியவள், தட்டிலிருந்த இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக் கைப்பையில் போட்டாள். காலையிலேயே விடுதியில் மடித்துக் கொண்டுவந்த இரண்டை அங்கே வைத்தாள். இரண்டிலும் வெள்ளை. அறிவியலுக்காகச் செய்வது ஏமாற்று ஆகாது என்று தன்னோடே வாதாடி, தானே ஜெயித்தாள்.

எல்லோரும் திரும்பி வந்ததும் பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

"ஆத்தாளே சொல்லிப்போட்டா. இனி நா என்னங்க பண்றது?" தம்பிதுரை ஈரத்தலையைத் துடைத்தபடி சலித்துக்கொண்டார். மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதற்குள் அவரே எடுத்துக் கிணற்றில் வீசினார். லோகப்பிரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மருதாசலம் கண் கலங்கக் கும்பிட்டார். "பாத்தீங்ளா அம்மணி, ஆத்தா இருக்கா."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அன்றைய அதிசயம் அதுதான்.

திரும்பும் பஸ்ஸில், கைப்பையில் கிடந்த பொட்டலங்களை ஜன்னல் வழியே எறியப் போனவள், எது சிவப்பு என்று பார்க்கிற ஆசையில் ஒன்றைப் பிரித்தாள். வெள்ளை.

அப்படியானால் இதுதான் என்று, தம்பிதுரை போட்ட அடுத்த முடிச்சை அவிழ்த்தாள்.

அதிலும் வெள்ளை.