தூணுக்குத் தண்ணீர்

சாக்குக் குவியலிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மூன்றாவது மாடித் தூண்களுக்குத் தண்ணீர் அடிக்க வந்தவன் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சிமெண்டுத் தூசி அப்பிய பாதங்கள். ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

காலையில் அவன் மனைவி கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவனிடம் வந்தாள். தலை சுற்றுகிறது, உச்சியில் ஒரு கை தண்ணீர் விடுங்கள் என்று கேட்டாள். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"தண்ணி தூணுக்குத்தான். மனுஷன் மேல ஒரு சொட்டு விழுந்தாலும் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடலாம்."

புதுக் கான்கிரீட் காய்ந்தால் வெடித்துவிடும். தூணுக்குச் சாக்கு சுற்றி நாள் முழுக்க நனைப்பதுதான் மூன்று வருஷமாக அவன் வேலை. லாரியில் வரும் அந்தத் தண்ணீருக்கு மேஸ்திரி புதையல் காக்கும் பூதம் மாதிரி காவல்.

அவன் குழாயைத் தூணின் பக்கம் திருப்பினான். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். சாப்பாட்டு வேளைக்கும் வரவில்லை.

இப்போது எதிர்த் தூண் மொட்டையாக நின்றது. அதிலிருந்த ஈரச் சாக்குகளை உருவிப் போர்த்திக்கொண்டு யாரோ படுத்திருக்கிறார்கள். இந்த வெயிலில் அவையும் மொடமொடவென்று காய்ந்துவிட்டன.

பாவி, ஒரு கை தண்ணீர்தானே கேட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு சாக்கை இழுத்தான்.

மேஸ்திரி.

அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தான். கண்கள் பாதி செருகியிருந்தன. நெற்றி அடுப்புக்கல்லாகச் சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. தண்ணி, தண்ணி என்று உதடு மட்டும் அசைந்தது.

மடித்துப் பிடித்திருந்த குழாயை விட்டான். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. படிக்கட்டுப் பக்கம் திரும்பி, ஓடி வாங்க, ஓடி வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினான். கத்திக்கொண்டே அடித்தான். கை தன் போக்கில் அடித்தது.

முதலில் ஏறி வந்தவள் அவன் மனைவிதான். கீழே மணல் குவியலின் நிழலில் கோபமாக உட்கார்ந்திருந்தவள்.

"என்னங்க பண்றீங்க?"

அவன் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி மேஸ்திரியின் தலையில் விட்டாள்.

அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். மேஸ்திரியின் சட்டை இப்போதுதான் நனையத் தொடங்கியிருந்தது.

எதிரே, மொட்டைத் தூண் மேலிருந்து கீழ்வரை ஒழுகிக்கொண்டிருந்தது.