வேறொருவன் மாட்டிய பிளக்

ரப்பர் மூடியை இழுத்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே இருந்த பிளக் நான் மாட்டியது இல்லை.

மருந்துக் கடைக்காரர் ஆயில் மாற்றத்தான் வந்திருந்தார். ஆனால் ஷெட்டுக்குள் வந்த காரின் ஸ்பார்க் பிளக்கை ஒருமுறை கழற்றிப் பார்க்காமல் அனுப்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. முனையைப் பார்த்தால் போதும், இஞ்சினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று சொல்லிவிடுவேன்.

அவர் இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து நான் ஒருவன்தான் தொட்டிருக்கிறேன். இன்னொருவன் கை வைத்திருக்கிறான் என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. மனைவியின் கைப்பையில் எவனுடைய கைக்குட்டையையோ பார்த்தவன் மாதிரி நின்றேன்.

இத்தனைக்கும் நான் ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட இவர் கடையைத் தாண்டிப் போனதில்லை. தினமும் படுக்கப் போகும்போது என் மனைவி கையில் வைக்கிற அந்தச் சின்ன மாத்திரையும் இவர் கடையில் வாங்கியதுதான்.

“யாருகிட்ட விட்டீங்க வண்டிய?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பொழுது போகவில்லையாம், கொஞ்ச நாளாகப் பகல் முழுக்க இங்கேதான். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்கள் துணைக்கு ஆள் தேடுவது சகஜம்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வழியில ஒருத்தருகிட்டண்ணே” என்று இழுத்தார்.

எவனோ சொதப்பி வைத்திருப்பான் என்று ஆசை ஆசையாகக் கழற்றினேன். முரட்டுத்தனமாக முறுக்கியிருப்பான் என்று பார்த்தால், ஸ்பேனரை வைத்ததும் சமத்தாகக் கழன்று வந்தது. முனையில் கரி இல்லை, எண்ணெய் இல்லை. நல்ல பிஸ்கட் நிறம். கேஜை விட்டு இடைவெளியை அளந்தேன். இம்மி பிசகவில்லை.

பாவி, வேலை தெரிந்தவன்.

அப்புறம்தான் பிளக்கின் ரகத்தைக் கவனித்தேன். இந்தக் காருக்கு நான் போடுவது சூட்டைச் சட்டென்று வெளியே விட்டுவிடுகிற ரகம். நெடுந்தூரம் ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரி. இவர் வாராவாரம் வெளியூரில் இருக்கிற அம்மாவைப் பார்க்கப் போகிறவர். அவன் போட்டிருப்பதோ சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிற ரகம். பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வண்டிக்குப் போடுவது.

அகப்பட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“தப்பான பிளக்கு. உங்கம்மாவ பாக்கப் போறப்ப நடுரோட்டுல காலை வாரிடும்.”

“அம்மாவத்தான் இங்கயே கூட்டிட்டு வந்துட்டேனே, அண்ணே. இப்ப கடை, வீடு, அவ்வளவுதான் ஓட்டம்.”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. பிளக் சரிதான். வண்டி எங்கே ஓடுகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று கேட்டுவிட்டுப் பிளக்கைத் தேர்ந்தெடுக்கிறவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவனும் கேட்டிருக்கிறான். இவரும் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அம்மா வந்த சேதி எனக்கு முன்னால் அவனுக்குப் போயிருக்கிறது. பிளக்கைவிட அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

துணியால் துடைத்தபோது வெள்ளைப் பீங்கானில் ஒரு பொட்டு தெரிந்தது. ஊதா.

பொட்டு வைப்பது என் வழக்கம். நான் மாட்டுகிற ஒவ்வொரு பிளக்கிலும் மனைவியின் நகப்பூச்சால் ஒன்று வைப்பேன். என் பொட்டு எப்போதும் சிவப்பு; அது இல்லாததால்தான் மூடியை இழுத்ததுமே வேறொருவன் கை என்று கண்டுகொண்டேன். திருட்டுப்பயல், என் அடையாளத்தையே காப்பியடித்திருக்கிறான்! நிறம்தான் அவனுக்குத் தெரியவில்லை.

அவனுடைய நாலு பிளக்கையும் கழற்றித் தட்டில் போட்டேன். அலமாரியிலிருந்து புதிதாக நாலு எடுத்தேன். அவன் தேர்ந்தெடுத்த அதே ரகத்தைத்தான் நானும் எடுக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“இனிமே அவருகிட்ட போகமாட்டேண்ணே” என்றார் மருந்துக் கடைக்காரர். இவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று கருவிப் பெட்டியின் மேல்தட்டைத் திறந்தேன்.

சிவப்புப் புட்டி இருந்தது. அடியில் காய்ந்து ஒட்டிப்போய்.

அதன் பக்கத்தில் இன்னொரு புட்டி. ஊதா. வெள்ளை மூடியில் கிரீஸ் படிந்த பெருவிரல் ரேகை. ரேகையின் குறுக்கே ஒரு கோடு.

என் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தேன். எப்போதோ ஃபேன் பெல்ட் அறுத்த தழும்பு, அதே இடத்தில், குறுக்கே.

பயமாக இருந்தது. என் மனைவி நாற்காலியை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

“எப்போ?” என்று அவளிடம் கேட்டேன்.

“போன மாசம். செவப்பு தீந்துபோச்சுன்னு நீங்கதான் என்னைக் கடைக்கு அனுப்புனீங்க.”

புதிய பிளக்குகளை அலமாரியில் திரும்ப வைத்தேன். தட்டில் கிடந்த நாலையும் ஒவ்வொன்றாக எடுத்து, கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் அளவாக இறுக்கினேன். கை தானாகவே செய்தது.

பானெட்டைச் சாத்திவிட்டு மருந்துக் கடைக்காரரிடம் சொன்னேன்: “இதுவே இருக்கட்டும். மாட்டுனவன் நல்ல வேலைக்காரன்.”

வண்டி தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவன்மேல் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருந்தது. மருந்துக் கடைக்காரரின் அம்மா வந்துவிட்டது அவனுக்குத் தெரிந்திருந்தது.