குறுக்கே ஒரு பச்சை

அகழாய்வுக்கு அனுமதி கேட்டு வந்திருந்த ஃப்ரேயா டீ கோப்பைகளை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை நோரீன் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க ஆன்ட்டி, நீங்க ஆடு மேய்க்கிற நிலத்துக்கு அடியில ஒரு ஊரே படுத்துக் கிடக்கு!"

காலையில் அவள் டிரோன் விட்டு எடுத்த படம். மழை காணாத கோடை. மண்ணுக்குள் சுவர் ஓடிய இடமெல்லாம் புல் வெளுத்து, தெருவும் வீடுகளும் தேவாலயமும் கோடு கோடாய்த் தெரிந்தன. கொள்ளைநோயில் ஆளற்றுப்போன ஊர்.

நோரீனின் கணவன் கிளிஃபர்ட் கதவருகிலேயே நின்றான், பூட்ஸைக்கூடக் கழற்றாமல். தோண்ட வருகிறேன் என்று யார் வந்தாலும் விரட்டுகிறவன். இன்று அவன் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நோரீனே சரி சொல்லிவிட்டாள்.

பாதையில் ஏதோ வண்டிச் சத்தம். நோரீன் எழுந்து எட்டிப் பார்த்தாள். டிராக்டர். உட்கார்ந்தாள்.

தபால் வேனுக்காக அவள் எழுந்திருக்காத நாளில்லை. அவள் தம்பி ராய் சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்திரேலியா போய்விட்டான் என்று கிளிஃபர்ட் வந்து சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை.

ஃப்ரேயாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இந்தப் பச்சைக் கட்டமெல்லாம் கல்லறை. தோண்டின மண்ணுல ஈரம் நிக்கும், புல்லு காயாது. எல்லாருக்கும் தலை மேற்க, கால் கிழக்க. உயிர்த்தெழுற அன்னைக்கு நேரா சூரியன் முகத்துல முழிக்கணும்ல? ஆனா இது ஒண்ணு மட்டும் பாருங்க, குறுக்க கிடக்கு. பச்சையும் இதுலதான் அதிகம். திங்கக்கிழமை மொதல்ல இதைத்தான் தோண்டப் போறேன்!"

"அது எங்க பென்," என்றான் கிளிஃபர்ட். "செத்துப்போன நாய். நான்தான் புதைச்சேன். அதைப் போய் நோண்டாதம்மா."

"நாய்க்கு இவ்ளோ நீளக் குழியா அங்கிள்? ஆளே படுக்கலாம் போல!"

"நல்ல நாய்க்கு நல்ல குழி. என்ன நோரீன், சொல்லேன்."

அவன் ஃப்ரேயாவைப் பார்க்கவில்லை. நோரீனையே பார்த்தான்.

நோரீன் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஆப்பிள் மரம். அதன் அடியில் அவளே தோண்டி, அவளே மூடி, அவளே நட்ட கல்.

கல்லில் பென்னின் பெயர்.

வாசலில் தபால் வேன் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

நோரீன் எழுந்திருக்கவில்லை.