ஈர விரல்

அன்று மழை விட்டிருந்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. பவானி அண்ணி உப்புத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

"ரெண்டு கோடு அழிக்க இம்மாம் நேரமா, கம்ப்யூட்டர் தொரே?"

படகுகளில் வைக்கும் சின்னத் தொடுதிரைக்கான சி மொழி நிரலில், ஈர விரலை உணரும் வரியை எங்கள் கம்பெனி முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு மூடி வைத்திருந்தது. அதைத் திறந்து, கம்பைல் செய்து, மேசையிலிருந்த திரையில் ஏற்றினேன்.

அண்ணி அபாயப் பட்டனைத் தொட்டார். திரை அலறியது.

"உங்கண்ணன் படகுல கீறதுலயும் இப்போ தொறந்துக்கும்ல, உதயா?"

புதிதாக ஏற்றிய திரையில்தான் அது வேலை செய்யும். புயலில் காணாமல் போன அண்ணனிடம் இருந்தது பழையது.

"ஆமா அண்ணி."

படகு மட்டும் எண்ணூரில் ஒதுங்கியது. இப்போது எல்லாப் படகுகளிலும் அந்த வரி திறந்திருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் அண்ணி, அண்ணன் ஏன் பட்டனை அமுக்கவில்லை என்று இன்னும் என்னைக் கேட்கிறார்.