பின்னால் வரும் சொல்

அகதிகளுக்கான ஆங்கில வகுப்பில், தன்னைப் பற்றி ஒரு வரி சொல்வதற்காக யோகமலர் எழுந்தாள். அவள் கணவனை விசாரணைக்கென்று யாரோ வந்து கூட்டிப்போய் வருடங்களாகிவிட்டன. ஆளும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

"ஐ ஆம்..." என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

"'ஒரு' எண்டதுக்கு 'எ'யோ 'அன்'னோ எண்டு குழம்பாதேங்கோ," என்றார் ரீச்சர். "பின்னாலை வாற சொல்லின்ரை சத்தத்தை வைச்சுத்தான் அதை முன்னாலை போடுறது."

"அந்தச் சொல்லுத்தான் தெரியேல்லை, ரீச்சர்."

பக்கத்தில் இருந்த பெண் மெல்லச் சொன்னாள். "'எ விடோ'. விதவை எண்டு சொல்லுங்கோ அக்கா."

யோகமலர் திரும்பினாள். "அவர் செத்ததை நீர் கண்டனீரோ?"

பிறகு ரீச்சர் பக்கம் திரும்பினாள்.

"ஐ ஆம் யோகமலர்," என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். பெயருக்கு முன்னால் 'எ', 'அன்' இரண்டில் எதுவும் தேவைப்படவில்லை.