கம்பளத்தின் மேல் குதிகால்

மத்தியான வெயில் மோர்னிங்சைட் மண்டபத்தின் புது மரத்தரையில் விழுகிறது. பல்லினக் கலைவிழாவுக்கென்று அதன் நடுவே தடித்த கம்பளம் ஒன்று விரித்திருக்கிறது. ஆர்ஜென்டினாவில் குதிரையேறி மாடு மேய்க்கும் கௌச்சோக்களின் ஆட்டத்தை ஆட வந்த எலாதியோ, அதன்மேல் குதிகாலால் ஓங்கித் தட்டுகிறார். மனைவி அடிக்கும் தோல் மேளம் மட்டும் கேட்கிறது. பூட்ஸிலிருந்து சத்தமே இல்லை. அவர் நிறுத்திவிட்டுத் தன் கால்களையே பார்க்கிறார். அவரோடு பேக்கரியில் வேலை செய்யும் கிளடிஸ் கம்பளத்தின் ஓரத்துக்கு வந்து நிற்கிறாள்.

“ஆர் தம்பி உந்தக் கம்பளத்தை விரிச்சது?”

“நான்தான் அன்ரி,” என்கிறான் விழாவை நடத்தும் பிரியந்தன். “தரை கீறுப்பட்டால் ஹோல் திரும்பத் தரமாட்டினம். மனுசன் உடுப்போடை வடிவாத்தானே நிக்கிறார். பாக்கிற சனத்துக்கு அது காணும்.”

“உன்ரை மகளின்ரை அரங்கேற்றத்துக்கும் சலங்கைக்குப் பஞ்சு சுத்தியே கட்டிவிட்டனீ?”

கிளடிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் நோவோடு குனிந்து கம்பளத்தைச் சுருட்டத் தொடங்குகிறாள். மேளம் மறுபடி எழுகிறது. வெறுந்தரை ஓரடி தெரிந்ததும், எலாதியோ பொறுக்கவில்லை. அந்த ஓரடிக்குள் அவருடைய குதிகால் இறங்குகிறது. யன்னல்கள் அதிர்கின்றன.